ஹார்வர்டு பல்கலைக்கழக விளையாட்டு: பீடோங் பெற்றோரும் பிள்ளைகளும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மலேசியாவின் கெடா மாநிலத்தில் உள்ள எங்கள் பீடோங்கில் ஹார்வர்டு என்றால் தோட்டம். அந்தப் பெயரில் தமிழ்ப்பள்ளியும் உண்டு, கோல்ஃப் மைதானமும் உண்டு. மாலையில் திடலுக்குப் பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தைப் பற்றி என்னிடம் கேட்கத் தொடங்கியதும் அந்தப் பெயரால்தான். பிறகு பெற்றோரும் கேட்டார்கள். அவர்கள் கேள்விக்குப் பின்னால் வேறொரு கவலை இருந்தது: பதினாறு வயதில் படிவம் 4-க்குப் போனதும் பிள்ளை ஓட்டத்தை நிறுத்திவிட வேண்டுமா? திடலோரத்தில் நின்று துண்டு துண்டாகச் சொன்ன பதில்களை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

ஹார்வர்டு படிப்புக்குப் பேர்போன இடமாயிற்றே. அங்கே விளையாடுகிறார்களா?

நன்றாகவே விளையாடுகிறார்கள். 1636-இல் தொடங்கிய அந்தத் தனியார் பல்கலைக்கழகம் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் இருக்கிறது. பிற பல்கலைக்கழகங்களோடு மோதுவதற்கு ஆண்களுக்கும் பெண்களுக்குமாக 42 அணிகளை வைத்திருக்கிறது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டின் முதல் பிரிவில் இத்தனை அணிகளை நடத்தும் பல்கலைக்கழகம் வேறில்லை. படகோட்டம், திடல்தடம், நீச்சல், ஸ்குவாஷ், வாள்சண்டை, பனி ஹாக்கி, கூடைப்பந்து, அமெரிக்கக் காற்பந்து எனப் பட்டியல் நீளும். அணியில் இடம் கிடைக்காதவர்கள் விடுதிகளுக்கு இடையிலான போட்டிகளில் ஆடலாம். 12 விடுதிகள் ஆண்டு முழுவதும் ஒரு சுழற்கிண்ணத்துக்காக மோதிக்கொள்கின்றன.

அங்கே விளையாட்டு எப்போது தொடங்கியது?

1852 ஆகஸ்ட் 3-ஆம் தேதி, நியூ ஹாம்ப்ஷியர் மாநிலத்தின் வினிபெசாக்கி ஏரியில் ஹார்வர்டும் யேல் பல்கலைக்கழகமும் படகுப் போட்டியில் மோதின. அமெரிக்காவில் இரண்டு உயர்கல்விக் கூடங்கள் ஒன்றோடொன்று மோதிய முதல் விளையாட்டுப் போட்டி அதுதான். ஏற்பாடு செய்தது ஒரு ரயில் நிறுவனம். கூட்டம் சேர்ந்தால் டிக்கெட் விற்கும் அல்லவா! ஹார்வர்டின் படகு வென்றது. அந்தப் போட்டி இன்றும் நடக்கிறது. இப்போது கனெக்டிகட் மாநிலத்தின் தேம்ஸ் ஆற்றில், நான்கு மைல் தூரம்.

அந்த அடர்சிவப்பு நிறம் எங்கிருந்து வந்தது?

அதுவும் படகோட்டத்திலிருந்துதான். 1858-இல் பாஸ்டனில் நடந்த ஒரு போட்டியில் பல படகுகள் கலந்துகொண்டன. கரையில் நிற்பவர்களுக்குத் தங்கள் படகு எது என்று தெரிய வேண்டும் என்பதற்காக, ஹார்வர்டு அணியில் இருந்த சார்ல்ஸ் எலியட்டும் அவருடைய நண்பரும் சிவப்புக் கைக்குட்டைகளை வாங்கித் துடுப்புப் போடுபவர்களுக்குக் கொடுத்தார்கள். அதே எலியட் 1869 முதல் 40 ஆண்டுகள் ஹார்வர்டின் தலைவராக இருந்தார். 1910-இல் அந்த நிறம் அதிகாரபூர்வமானது. நம் பள்ளி விளையாட்டு விழாவில் சிவப்பு இல்லம், நீல இல்லம் என்று துணி கட்டிக்கொண்டு ஓடும் பிள்ளைகளுக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை.

அங்குள்ள மைதானம் ஆட்டத்தின் விதியையே மாற்றியது என்கிறார்களே, உண்மையா?

உண்மை. சற்று விரிவாகவே சொல்கிறேன்.

1903-இல் ஹார்வர்டு ஒரு பெரிய விளையாட்டரங்கம் கட்டியது. 1879-ஆம் ஆண்டு பட்டம் பெற்ற பழைய மாணவர்கள் அதற்கு நன்கொடை கொடுத்தார்கள். அந்த அளவில் இரும்புக்கம்பியும் கான்கிரீட்டும் சேர்த்துக் கட்டப்பட்ட முதல் அமெரிக்க அரங்கம் அது. பழைய கிரேக்க அரங்கங்களைப் போல, ஒரு பக்கம் திறந்த குதிரை லாட வடிவம். இன்றும் இருபத்தையாயிரம் பேருக்குக் குறையாமல் உட்காரலாம்.

அந்தக் காலத்தில் அமெரிக்கக் காற்பந்து உயிரைக் குடிக்கும் ஆட்டமாக இருந்தது. பந்தை முன்னே வீசக் கூடாது. கும்பலாகக் கை கோத்துக்கொண்டு எதிரணியை முட்டித் தள்ளித்தான் நகர வேண்டும். 1905-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் பதினெட்டுப் பேருக்குக் குறையாமல் மாண்டார்கள். ஹார்வர்டில் படித்தவரான அமெரிக்க அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட், ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பிரதிநிதிகளை வெள்ளை மாளிகைக்கு அழைத்து ஆட்டத்தைத் திருத்தச் சொன்னார். தலைவர் எலியட்டோ அந்த ஆட்டமே வேண்டாம் என்ற கட்சி.

விதிகளை வகுத்தவர்களில் முதன்மையான வால்டர் கேம்ப், திடலை அகலமாக்கினால் நெரிசல் குறையும் என்றார். ஆனால் ஹார்வர்டின் கான்கிரீட் படிகள் திடலை ஒட்டி எழும்பி நின்றன. அவற்றை இடிக்காமல் அகலப்படுத்த வழியில்லை. கடைசியில் 1906-இல் பந்தை முன்னே வீச அனுமதிக்கும் விதி வந்தது. இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் அந்த நீண்ட வீச்சுகள் எல்லாம் அதிலிருந்து பிறந்தவை. கட்டிய திடலுக்கு ஏற்றபடி ஆட்டம் வளைந்து கொடுத்திருக்கிறது.

ஒலிம்பிக்கில் ஹார்வர்டு மாணவர்கள் வென்றிருக்கிறார்களா?

நிறையப் பேர். ஆனால் முதலில் சொல்ல வேண்டியவர் ஜேம்ஸ் கானலி. தென் பாஸ்டனில் வசதியில்லாத ஐரிஷ் குடியேறிகளின் வீட்டில் பிறந்தவர். பள்ளிப் படிப்பைப் பாதியில் விட்டு வேலைக்குப் போய், தானாகவே படித்துத் தேறி, வயது கூடிய பிறகு ஹார்வர்டில் சேர்ந்தார். 1896-இல் ஏதென்சில் முதல் நவீன ஒலிம்பிக் போட்டி நடக்கப் போகிறது என்று கேள்விப்பட்டு விடுப்புக் கேட்டார். கொடுக்கவில்லை. படிப்பை விட்டுவிட்டுக் கிளம்பினார். ஏப்ரல் 6-ஆம் தேதி மும்முறைத் தாண்டுதலில் வென்று, நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர் ஆனார்.

அதே போட்டியில் இன்னொரு ஹார்வர்டு மாணவர், எல்லெரி கிளார்க், உயரம் தாண்டுதலிலும் நீளம் தாண்டுதலிலும் வென்றார். கானலிக்கு அரை நூற்றாண்டு கழித்து, 1949-இல்தான், ஹார்வர்டு தன் விளையாட்டு வீரர்களுக்கு அளிக்கும் கம்பளிச் சட்டையைக் கொடுத்துக் கௌரவித்தது. அப்போது அவருக்கு எண்பது வயது.

நான் இதைப் பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் யாராவது ஒருவர் “படிப்பை விட்டது சரியா?” என்று கேட்பார்கள். ஒரு மாணவனை அந்தத் தேர்வுக்குத் தள்ளியது கல்லூரியின் தவறு என்றுதான் நான் சொல்வேன். பின்னாளில் அதே பல்கலைக்கழகம் தன் நடைமுறையை மாற்றிக்கொண்டது. இன்று ஒலிம்பிக்குக்காக ஓராண்டு படிப்பைத் தள்ளிவைத்துவிட்டுத் திரும்பி வருவது அங்கே சாதாரணம்.

யேலுடன் நடக்கும் அமெரிக்கக் காற்பந்து ஆட்டம் ஏன் அவ்வளவு பிரபலம்?

1875 முதல் மோதிவருகிறார்கள் என்பது ஒரு காரணம். 1968 நவம்பர் 23 இன்னொரு காரணம். இரண்டு அணிகளும் அந்தப் பருவத்தில் ஒரு தோல்வியும் காணாமல் வந்தன. ஆட்டம் முடிய 42 விநாடிகள் இருக்கும்போது ஹார்வர்டு 13-29 எனப் பின்தங்கியிருந்தது. மாற்று ஆட்டக்காரர் ஒருவர் பந்தை வீச, அந்த 42 விநாடிகளில் 16 புள்ளிகள் எடுத்து 29-29 எனச் சமன் செய்தார்கள். அடுத்து வந்த மாணவர் நாளிதழ் ‘ஹார்வர்டு யேலை வென்றது, 29-29’ என்று தலைப்புப் போட்டது. அன்று ஹார்வர்டுக்காக ஆடியவர்களில் ஒருவர் பிற்காலத்தில் ஹாலிவுட் நடிகரான டாமி லீ ஜோன்ஸ்.

நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களை அங்கே சேர்த்துக்கொண்டார்களா?

இந்தக் கேள்வியைக் கேட்டது பதினான்கு வயதுப் பையன். நேர்மையான பதில்: சேர்த்துக்கொண்டார்கள், அவமானப்படவும் விட்டார்கள்.

வில்லியம் ஹென்றி லூயிசின் பெற்றோர் அடிமைகளாக இருந்து விடுதலையானவர்கள். அவர் ஹார்வர்டு சட்டக் கல்லூரி மாணவராக அமெரிக்கக் காற்பந்து ஆடி, 1892-லும் 1893-லும் நாட்டின் சிறந்த ஆட்டக்காரர்கள் பட்டியலில் இடம்பெற்றார். அந்தப் பெருமையைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். பிறகு வழக்கறிஞராக உயர்ந்து, 1911-இல் அமெரிக்காவின் துணைத் தலைமை வழக்கறிஞர்களில் ஒருவரானார்.

ஆனால் 1941-இல், வலை கட்டிய கோலால் பந்தாடும் லக்ராஸ் அணி கடற்படைக் கல்லூரியோடு ஆடப் போனபோது, ஹார்வர்டு அணியில் இருந்த லூசியன் அலெக்சிஸ் கறுப்பினத்தவர் என்பதால் அவரோடு ஆட மாட்டோம் என்றார்கள். ஹார்வர்டு நிர்வாகம் பணிந்து அவரைத் திருப்பி அனுப்பியது. மாணவர்கள் கொதித்தெழுந்தார்கள். இனிமேல் இனத்தைக் காரணம் காட்டி எந்த வீரரையும் விலக்குவதில்லை என்று பல்கலைக்கழகம் அறிவிக்க வேண்டியதாயிற்று. மாற்றத்தைக் கொண்டுவந்தது மாணவர்களின் கோபம் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு வாய்ப்பு எப்படி?

ஹார்வர்டில் நீண்ட காலம் பெண்கள் கிடையாது. அவர்களுக்கு ராட்கிளிஃப் என்ற தனிக் கல்லூரி இருந்தது. பெண்களின் படகு அணி இன்றும் ராட்கிளிஃப் என்ற பெயரோடுதான் ஆற்றில் இறங்குகிறது. 1972-இல் கல்வியில் ஆண் பெண் பாகுபாட்டைத் தடை செய்யும் சட்டம் வந்த பிறகு, பெண்கள் விளையாட்டு அமெரிக்கா முழுவதும் வேகம் பிடித்தது.

1998-இல் நடந்ததைச் சொல்கிறேன். தேசியக் கூடைப்பந்துப் போட்டியில் ஒவ்வொரு வட்டாரத்திலும் 16 அணிகள், தரவரிசைப்படி. முதல் இடத்து அணியோடு கடைசி இடத்து அணி மோதும். கடைசி இடத்தில் இருந்த ஹார்வர்டு பெண்கள், முதல் இடத்தில் இருந்த ஸ்டான்ஃபோர்டை அவர்கள் சொந்த அரங்கிலேயே 71-67 என வென்றார்கள். ஆண்கள் போட்டியில் அப்படி ஒன்று நடக்க மேலும் 20 ஆண்டுகள் ஆயின.

கெடாவிலிருந்து அந்த மாதிரி இடத்துக்குப் போனவர் யாராவது உண்டா?

ஹார்வர்டு என்று கேட்காமல் ‘ஐவி லீக்’ என்று கேட்டால், உடனே ஒரு பெயர் சொல்லலாம்: நம் கெடாவைச் சேர்ந்த ஸ்குவாஷ் வீராங்கனை எஸ். சிவசங்கரி. ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன், கொலம்பியா, பிரவுன், டார்ட்மத், பென்சில்வேனியா, கார்னெல் ஆகிய எட்டுத் தனியார் பல்கலைக்கழகங்கள் சேர்ந்ததுதான் ஐவி லீக். அவர் கார்னெலில் படித்துக்கொண்டே ஆடினார். 2022 ஜூன் மாதம் கார் விபத்தில் பலத்த காயம் அடைந்தார். மறு ஆண்டு ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்கள் தனிநபர் பிரிவில் தங்கம் வென்றார்.

ஸ்குவாஷைப் பொறுத்தவரை ஹார்வர்டு அந்த எட்டில் வலுவான அணிகளில் ஒன்று. நான்கு முறை உலக வெற்றியாளரான எகிப்தின் அலி ஃபராக் அங்கே பொறியியல் படித்தவர்.

விளையாட்டுக்கு உபகாரச் சம்பளம் கொடுப்பார்களா?

மாட்டார்கள். 1954-இல் அந்த எட்டுப் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து செய்துகொண்ட ஒப்பந்தம் அது: விளையாட்டுத் திறமைக்காக யாருக்கும் பணம் கொடுப்பதில்லை. பெற்றோர் இதைக் கேட்டதும் முகம் வாடிவிடுகிறார்கள். வாட வேண்டாம். அடுத்த பகுதியையும் கேளுங்கள்.

அங்கே பண உதவி குடும்ப வருமானத்தைப் பார்த்துத்தான் கொடுக்கப்படுகிறது. 2025-இல் ஹார்வர்டு அறிவித்த திட்டப்படி, ஆண்டு வருமானம் ஒரு லட்சம் டாலருக்குள் இருக்கும் குடும்பத்துப் பிள்ளைக்குப் படிப்பு, தங்குமிடம், சாப்பாடு எல்லாம் இலவசம். இரண்டு லட்சம் டாலர் வரை படிப்புக் கட்டணம் கிடையாது. ஒரு லட்சம் டாலர் என்பது ரிங்கிட்டில் பல லட்சம். பால்மரம் சீவியும் செம்பனைக் குலை வெட்டியும் யாரும் அதைத் தொட முடியாது. வெளிநாட்டு மாணவர்களுக்கும் வருமானத்தைப் பொறுத்தே உதவி உண்டு. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும்போது, இவரால் பணம் கட்ட முடியுமா என்று பார்ப்பதும் இல்லை.

இதில் நமக்கு இன்னொரு நன்மை இருக்கிறது. விளையாட்டு உபகாரச் சம்பளத்தில் போகும் பிள்ளைக்குக் காலில் அடிபட்டால், பணம் என்னாகுமோ என்ற பயம் சேர்ந்தே வரும். இங்கே அந்தப் பயம் இல்லை. முழங்கால் போனாலும் படிப்பு நிற்காது. தோட்டத்துக் குடும்பத்துக்கு இந்த முறைதான் பொருந்தும் என்பது என் உறுதியான எண்ணம்.

இரண்டையும் சேர்த்துச் செய்ய முடியுமா? படிவம் 4 வந்தால் ஓட்டத்தை நிறுத்தச் சொல்கிறோம்.

இதுதான் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி. எனக்குக் கோபம் வருவதும் இதில்தான். பெற்றோர் மீதல்ல, அவர்களுக்கு இப்படி ஒரு பயத்தை ஊட்டியவர்கள் மீது.

கேபி தாமஸ் ஹார்வர்டில் நரம்பியல் உயிரியல் படித்துக்கொண்டே ஓடினார். 2018-இல் தேசியக் கல்லூரிகள் உள்ளரங்க 200 மீட்டரில் முதலிடம். பட்டம் பெற்ற பிறகு, நோய்ப் பரவல் பற்றிய துறையில் முதுகலையும் முடித்தார். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 200 மீட்டரிலும் இரண்டு தொடர் ஓட்டங்களிலும் தங்கம்.

அமெரிக்கா வேண்டாம், நம் நாட்டையே பாருங்கள். கோல கங்சாரில் பிறந்த எம். ஜெகதீசன் மருத்துவம் படித்துக்கொண்டே ஓடியவர். 1966 பாங்காக் ஆசியப் போட்டியில் மூன்று தங்கம். 1968-இல் மெக்சிகோ ஒலிம்பிக் அரையிறுதி வரை போய், 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனையை 2017 வரை, 49 ஆண்டுகள், யாராலும் முறியடிக்க முடியவில்லை. ஓட்டத்தை முடித்த பிறகு மருத்துவ ஆராய்ச்சியில் உயர்ந்த பதவி வரை போனார். அதே பாங்காக்கில் தாப்பாவைச் சேர்ந்த எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1966-இல் அவர்களுக்குச் செயற்கைத் தடமும் இல்லை, இப்போது கிடைக்கும் காலணியும் இல்லை.

நேரம் போதவில்லை என்றால் கைப்பேசி நேரத்தைக் குறையுங்கள். மாலையில் ஒரு மணி நேரம் ஓடிவிட்டு வரும் பிள்ளை இரவில் கணக்குப் போட உட்காரும்போது தலை தெளிந்து உட்காருகிறது. திடலில் இதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அங்கே எல்லாமே ஒழுங்குதானா?

இல்லை. 2016-இல் ஆண்கள் காற்பந்து அணியினர் பெண்கள் அணியினரின் உடலைப் பற்றி இழிவாக எழுதிப் பட்டியல் போட்டுவந்தது வெளியானது. பல்கலைக்கழகம் அந்தப் பருவத்தின் மிச்ச ஆட்டங்களை ரத்து செய்தது. அப்போது அந்த அணி லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. பையன்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்கள் இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

எப்படி விண்ணப்பிப்பது?

படிவம் 5 முடிவில் எழுதும் எஸ்.பி.எம். தேர்வை முடித்து, எஸ்.டி.பி.எம். அல்லது ஏ-லெவல் போன்ற மேல்நிலைப் படிப்போடு விண்ணப்பிப்பதே நம்மவர்களுக்கு ஏற்ற வழி. அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்.ஏ.டி. அல்லது ஏ.சி.டி. தேர்வு பொதுவாக மறுபடியும் கட்டாயமாகிவிட்டது. விண்ணப்பம் இணையத்தில், முன்கூட்டிய சுற்றுக்கு நவம்பர் 1, பொதுச் சுற்றுக்கு ஜனவரி 1 கடைசி நாள். கட்டணம் கட்ட முடியாதவர்கள் விலக்குக் கேட்கலாம். கோலாலம்பூரில் இருக்கும் மலேசிய அமெரிக்கக் கல்விப் பரிமாற்ற ஆணையம் இலவசமாக ஆலோசனை தருகிறது. ஏஜெண்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

விளையாட்டு வீரராகப் போக விரும்பினால், அந்தந்த அணியின் பயிற்சியாளருக்கு நேரடியாக எழுத வேண்டும். பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் இணையத்தளத்தில் அதற்கான படிவம் இருக்கிறது. ஓட்ட நேரம், போட்டியின் பெயர், தேதி, காணொளி, பள்ளி மதிப்பெண் எல்லாம் கேட்பார்கள். பயிற்சியாளர் பரிந்துரைக்கலாம்; முடிவு செய்வது சேர்க்கைக் குழு. விண்ணப்பிக்கும் நூறு பேரில் ஐந்து பேருக்குக்கூட இடம் கிடைப்பதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விசா பிரச்சினை என்று செய்தியில் வந்ததே?

2025 மே மாதம், வெளிநாட்டு மாணவர்களைச் சேர்க்கும் உரிமையை ஹார்வர்டிடமிருந்து அமெரிக்க அரசாங்கம் பறிக்க முயன்றது. நீதிமன்றம் அதைத் தடுத்தது. விண்ணப்பிக்கும் ஆண்டில் நிலைமை எப்படி என்று விசாரித்துக்கொள்ளுங்கள். ஒரே இடத்தை நம்பி இருக்க வேண்டாம்.

அவ்வளவு தூரம் போக முடியாத பிள்ளைக்கு?

பீடோங்கிலிருந்து மெர்போக் போகும் சாலையில், செமிலிங்கில் ஏய்ம்ஸ்ட் பல்கலைக்கழகம் இருக்கிறது. 2001-இல் தொடங்கப்பட்ட தனியார் பல்கலைக்கழகம், குனோங் ஜெராய் அடிவாரத்தில். அரசாங்கத்தின் உயர்கல்விக் கடனான பி.டி.பி.டி.என். உதவிக்கு விண்ணப்பிக்கலாம். அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் புறப்பாட மதிப்பெண்ணும் சேர்க்கையில் கணக்கில் வரும். மாவட்டம், மாநிலம் என்று ஓடிய சான்றிதழ்கள் அங்கே வேலை செய்யும்.

என் மகளுக்கு இப்போது பதினைந்து வயது. இன்றைக்கு என்ன செய்யட்டும்?

ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். எங்கள் திடலில் ஒரு மாணவி வைத்திருப்பதைப் போல: இடப்பக்கம் தேதி, தூரம், ஓட்ட நேரம், தடம் ஈரமா காய்ந்ததா என்ற குறிப்பு, வலப்பக்கம் அந்த வாரப் பள்ளிச் சோதனை மதிப்பெண். சுண்ணாம்புக் கோடு போட்ட புல் தடத்தில் எடுத்த நேரம் என்றால் அதையும் எழுதச் சொல்லுங்கள், பயிற்சியாளர்கள் அதைக் கணக்கில் எடுத்துக்கொள்வார்கள். மாவட்ட, மாநிலப் பள்ளி விளையாட்டு மன்றப் போட்டிகளின் முடிவுத் தாளை அன்றே படம் எடுத்து வையுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது. வாரத்தில் ஒரு நாள் ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிப் பழகட்டும், விண்ணப்பத்தில் கட்டுரை கேட்பார்கள். பயிற்சி திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரைக்கு. தண்ணீர் போத்தலோடு வரச் சொல்லுங்கள்.